மலையிறங்கும் வண்டியின் வெடியோசை

மலையேறும் வண்டி முனகும். மலையிறங்கும் வண்டி வெடிக்கும். சித்தூர்ச் சீமையில் மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் வழியாகப் புத்தூர்ப் பக்கம் செல்லும் சாலையில், மாந்தோப்புகளுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் இடையே ஒரே சீரான வேகத்தில் ஓடும் வண்டி ஒரு குறையும் காட்டுவதில்லை. அதே வண்டி மறுநாள் திருப்பதி சென்று, திருமலைக்கு ஏறி, மலைப்பாதையில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திய மாத்திரத்தில் பின்புறத்திலிருந்து 'பட்' என்று ஓர் ஓசை எழுகிறது. சில வேளைகளில் ஒன்றோடு நில்லாமல், சரவெடி கொளுத்தினாற்போலத் தொடர்கிறது. மறுபடியும் வேகம் கொடுத்தால் அடங்கிவிடுகிறது.

இவ்வோசையைக் கேட்டுப் பழகாதவர்கள் மூவகையாக நடந்துகொள்கின்றனர். சிலர் அஞ்சி இயந்திரத்தையே நிறுத்திவிட்டு, உருளும் வேகத்திலேயே இறங்குகின்றனர். சிலர் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, ஓசையும் நின்றது, பெட்ரோலும் மிச்சம் என்று மகிழ்கின்றனர். சிலர் ஊர் திரும்பியதும் பணிமனைக்குச் சென்று, பிளக்கில் தொடங்கிக் கார்புரேட்டர் வரையில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்க்கின்றனர். முதல் இரு வகையினர் உயிருக்கு இடர் தேடுகின்றனர். மூன்றாம் வகையினர் கைப்பொருளை இழக்கின்றனர்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பலர், விடுமுறையில் ஊர் செல்லும் வழியில் திருமலையையும் கண்டு வருதல் வழக்கம். ஆதலின் இவ்வோசையின் வரலாற்றைச் சற்றே ஆராய்வது பயனுடைத்தாகும். வரலாறு எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு காலத்து வண்டியும் ஒவ்வொரு காரணத்தால் வெடித்தது. வண்டி எந்தக் காலத்து அமைப்பை உடையது என்று அறிந்தாலன்றி, அதன் நோய் எந்த உறுப்பில் இருக்கிறது என்று அறிதல் அரிது.

சொல் ஒன்று, நோய் மூன்று

எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு 'பாக்பயர்' என்னும் ஆங்கிலச் சொல் ஒரு தொல்லை. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'பின்தீ' என்றாகும், பொருள் விளங்காது. ஆங்கிலத்திலேயே அச்சொல் மூன்று வேறு நிகழ்ச்சிகளைக் குறித்து வந்திருக்கிறது.

முதலாவது, கைப்பிடி சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பிய காலத்தது. தீப்பொறி உரிய நேரத்துக்கு முந்திப் பாய்ந்துவிட்டால் பிஸ்டன் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி திரும்பிச் சுழன்று ஓட்டுநரின் மணிக்கட்டை முறிக்கும். இன்றும் மருத்துவ நூல்கள் மணிக்கட்டருகே ஏற்படும் ஒருவகை எலும்பு முறிவை 'ஷோபர் முறிவு' என்றே வழங்குகின்றன. ஷோபர் என்பது பிரெஞ்சு மொழியில் கார் ஓட்டுநரைக் குறிக்கும் சொல். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் மின்சாரத்தால் கிளப்பும் சாதனம் பொருத்தப்பட்டது. அவ்வழக்கம் பரவப் பரவ, இந்தப் பொருள் மறையலாயிற்று.

இரண்டாவது, எரிந்துகொண்டிருக்கும் கலவை உள்வால்வு வழியாகத் திரும்பிக் கார்புரேட்டரின் வாய்ப்புறம் சீறுவது. மூன்றாவது, எரியாமல் வெளியேறிய கலவை புகைக்குழாயிலோ சைலென்ஸரிலோ தீப்பற்றி வெடிப்பது. பொறியியலார் இம்மூன்றாவதை 'ஆப்டர்பயர்' என்று பிரித்துக் கூறினர். உலக வழக்கு அதனை ஏற்கவில்லை. நம் ஊர் மெக்கானிக்குகளோ, 'கார்புரேட்டரில் துப்புகிறது' என்றும், 'சைலென்ஸரில் அடிக்கிறது' என்றும் இரண்டையும் தெளிவாகப் பிரித்தே பேசுகின்றனர். அகராதி செய்யாத வேலையை அவர்கள் செய்திருக்கின்றனர். அவர்களைப் பின்பற்றி, முன்னதை முன்வாய் வெடிப்பு என்றும், பின்னதைப் பின்வாய் வெடிப்பு என்றும் இங்கே குறிப்போம். வேகம் குறையும்போது கேட்பது பெரும்பாலும் பின்வாய் வெடிப்பே.

நெருப்பு உள்ளே புகுந்த கதை

சென்னை சிம்ப்ஸன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ஆம் ஆண்டு ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். அவ்வண்டிக்கு இந்த நோய் வந்திருக்க வழியில்லை. நீராவி வண்டியில் நெருப்பு உருளைக்கு வெளியே கொதிகலனின் அடியில் எரிகிறது. உருளைக்குள் வருவது ஆவி மட்டுமே. நெருப்பையே உருளைக்குள் புகுத்திய இயந்திரத்தில்தான் வெடிப்பு நோயும் புகுந்தது.

ஜெர்மானியர் நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் நான்கு வீச்சு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். முதல் வீச்சில் கலவை உள்ளே வரும். இரண்டாம் வீச்சில் அமுக்கப்படும். மூன்றாம் வீச்சில் எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நான்காம் வீச்சில் புகை வெளியேறும். 1885-இல் டைம்லரும் மேபாக்கும் இவ்வகை இயந்திரத்தை இருசக்கர மரச்சட்டத்தில் பொருத்தினர். மோட்டார் சைக்கிளின் மூதாதை அதுவே. 1886 ஜனவரி 29-இல் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார்.

டைம்லரின் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. பழுக்கக் காய்ந்த சிறு குழாய் ஒன்றே கலவையைப் பற்றவைத்தது. அது எந்தக் கணத்தில் பற்றும் என்பதை ஓட்டுநர் ஆள இயலாது. 1902-இல் பாஷ் நிறுவனத்தார் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அளித்த பின்னரே, தீப்பொறிக்கு நேரம் குறிப்பது எளிதாயிற்று. அதன் பின்னரும் பல ஆண்டுகள் அந்நேரத்தை ஓட்டுநரே கைப்பிடியால் முன்பின் தள்ளினார். 1908-இல் வெளிவந்த போர்டு 'டி' மாதிரிக் காரில் ஸ்டியரிங்கின் கீழ் இதற்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. தீப்பொறியை அளவுக்கு மீறித் தாமதித்தால், கலவை எரிந்து முடியுமுன்னரே வெளிவால்வு திறந்துவிடும். மிச்ச நெருப்பு புகைக்குழாயில் எரியும். அக்காலத்து வெடியோசைக்குப் பல வேளைகளில் ஓட்டுநரின் கையே காரணம்.

வேகம் குறையும்போது மட்டும் ஏன்?

கார்புரேட்டரின் வரலாறு இதற்கு விடை கூறும். 1893-இல் மேபாக் அமைத்த கார்புரேட்டர், காற்றின் ஓட்டத்தாலேயே பெட்ரோலை நுண்துளையொன்றின் வழியே பீச்சச் செய்தது. காற்று விரைந்தால் பெட்ரோல் மிகும். காற்று தளர்ந்தால் பெட்ரோல் குறையும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று என்பது நன்கு எரியும் கலவை.

மலைச் சரிவில் வண்டி இறங்கும்போது நடப்பது என்ன? ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை விடுகிறார், காற்றுவழி மூடுகிறது. ஆனால் சக்கரங்கள் இயந்திரத்தை இழுத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. மூடிய வழிக்குப் பின்னால் பிஸ்டன் உறிஞ்சுவதால், அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உருளைக்குள் புதிய கலவை மிகச் சிறிதே வருகிறது. முந்தைய சுற்றின் புகையோ நிறைய எஞ்சி நிற்கிறது. ஈர விறகில் தீக்குச்சி கிழித்தாற்போல, தீப்பொறி பாய்ந்தும் கலவை பற்றுவதில்லை. பற்றாத கலவை அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே சூடு இருக்கிறது. காற்றும் சேர்ந்துவிட்டால் வெடிக்கிறது.

ஆகவே பின்வாய் வெடிப்புக்கு வேண்டுவன மூன்று: எரியாத பெட்ரோல், காற்று, சூடு. சூட்டை நாம் நீக்க இயலாது. எஞ்சிய இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தேடுவதே நோயறியும் முறை. கார்புரேட்டர், கரிவாயு, காற்றுப் பம்பு, கணினி என ஒவ்வொரு காலமும் இவ்விரண்டுக்கும் புதிய வழிகளைத் திறந்தும் அடைத்தும் வந்திருக்கிறது.

திருமலைக்கு மோட்டார் வந்த ஆண்டு

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் காலத்தில் திறக்கப்பட்டது. அதற்குமுன் அடியார்கள் அலிபிரியிலிருந்து படியேறியே சென்றனர். இயலாதவர்கள் டோலியில் சென்றனர். அது உலகப்போர்க் காலம். பெட்ரோல் பங்கீட்டில் இருந்தது. பேருந்துகள் பல, பின்புறத்தில் உருளை போன்ற அடுப்பைச் சுமந்துகொண்டு, மரக்கரியை எரித்துக் கிடைத்த வாயுவால் ஓடின. மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் அத்தகைய கரிவாயு சாதனங்களைச் செய்து தந்தனர். கரிவாயுவின் தரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கலவை ஒருமுறை பற்றும், ஒருமுறை பற்றாது. அடுப்புக்கும் இயந்திரத்துக்கும் இடைப்பட்ட மூட்டுகளில் காற்றுக் கசிந்தால் வெடியோசை எழுதல் இயல்பு.

அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அது அம்மாநிலத்தில் சேர்ந்தது; 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இடையில் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்கள், இருந்த ஊரை விட்டு ஓரடியும் நகராமலே நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர் ஆயின. 1974-இல் ஏறுவதற்கென இரண்டாம் மலைப்பாதை அமைந்தது. 1944-ஆம் ஆண்டின் பழைய பாதை இறங்கும் பாதையாயிற்று. இருபது கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான அப்பாதை முழுவதும் இறக்கமும் வளைவுமே. ஆக்ஸிலரேட்டரைக் கணந்தோறும் விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்நோயைச் சோதிக்க இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

புல்லட்டும் அம்பாஸிடரும்

1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூரிலிருந்து 350 சி.சி. புல்லட் நாடெங்கும் சென்றது. வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாஸிடர் கார் 2014 வரையில் உற்பத்தியில் இருந்தது. இவை கார்புரேட்டர் காலத்து வண்டிகள். இன்றும் ஆர்வலர் பலரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவற்றில் வெடியோசை கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாய் இயந்திரத்தின் தலையில் சேரும் மூட்டு. காற்றுவழி மூடியிருக்கும்போது புகையின் வீச்சு மெலிந்து, இடையிடையே உறிஞ்சும் தன்மை பெறுகிறது. மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரியாத பெட்ரோலுடன் கலந்து வெடிக்கும். மூட்டைச் சுற்றிக் கரிப்புள்ளி படிந்திருப்பது இதன் அடையாளம். சில ரூபாய் விலையுள்ள கேஸ்கெட் தேய்ந்ததற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இரண்டாவது, மெதுவேகத்துக்குரிய சிறு ஜெட். வேகம் குறையும்போது பெட்ரோல் அதன் வழியேதான் வருகிறது. தூசி அடைத்தால் கலவை மெலிந்து பற்றாமற்போகும். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி அந்நுண்துளையை மூடிவிடும். விடுமுறைக்கு ஊர் சென்று, ஆண்டு முழுவதும் உறங்கிய வண்டியைக் கிளப்பும் நம்மவர்க்கு இது நன்கு நினைவில் இருக்கத் தக்கது.

மூன்றாவது, கார்புரேட்டருக்கும் தலைக்கும் இடைப்பட்ட ரப்பர் இணைப்பு. வெடித்த ரப்பர் காற்றை விடும். நான்காவது, வால்வு இடைவெளி. வெளிவால்வு முழுதும் மூடாதிருந்தால் கலவை கசிந்து குழாயில் எரியும், நாளடைவில் வால்வின் விளிம்பும் தீய்ந்துபோகும். ஐந்தாவது, தீப்பொறி, பழைய வண்டிகளில் பாயின்ட், கண்டென்ஸர், பொறியின் காலம் ஆகியன.

புகையை அடக்கச் செய்த ஏற்பாடும் புதிய ஓசையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1966-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து புகைக்கு வரம்பு விதித்தது. பொறியியலார் ஒரு வழி கண்டனர்: புகைக்குழாய்க்குள்ளேயே காற்றைச் செலுத்தினால், எரியாத மிச்சம் அங்கேயே எரிந்து தீரும். கருத்து நன்று. ஆனால் வெடிப்புக்கு வேண்டிய மூன்றில் ஒன்றான காற்றை இவர்களே கொண்டுபோய்க் கொடுத்தனர். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் கார் வெடித்தது. அதனைத் தடுக்க மற்றொரு வால்வு சேர்க்கப்பட்டது. வேகம் குறையும் கணத்தில் அது உள்வழியில் சிறிது காற்றை விட்டுக் கலவையை மட்டுப்படுத்தும்; பின்னர் வந்த அமைப்புகளில், பம்பின் காற்றைப் புகைக்குழாய்க்குச் செல்லவிடாது திருப்பிவிடும். அதற்கு வெடிப்புத் தடை வால்வு என்றே பெயரிட்டனர்.

மோட்டார் சைக்கிள்களில் பம்பு இல்லை. புகையின் உறிஞ்சும் வீச்சே, மெல்லிய தகட்டு வால்வு ஒன்றின் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். வேகம் குறையும்போது அவ்வழியை அடைக்க, உள்வழியின் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு தடை உண்டு. கார்புரேட்டரிலும், அவ்வேளையில் காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்கும் சிறு ரப்பர்ச் சவ்வு வைத்தனர். நம் நாட்டில் புகை விதிகள் 1991-இல் தொடங்கி, 1996-இலும் 2000-இலும் இறுகின. அவ்விதிகளின் காலத்து மோட்டார் சைக்கிள்களில் இத்தகைய துணைக்காற்று அமைப்பு பரவிற்று. ஆகவே அக்காலத்து வண்டி வெடித்தால், புல்லட்டில் இல்லாத இரண்டு உறுப்புகளைப் பார்க்க வேண்டும்: துணைக்காற்றுத் தடை, கார்புரேட்டரின் சவ்வு. துணைக்காற்றுக் குழாயைச் சோதனைக்காகச் சற்றே அடைத்து ஓட்டிப் பார்த்து, ஓசை நின்றால் குற்றம் அங்கே என்று துணியலாம். சோதனை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். அது புகையைக் குறைக்க வைத்த சாதனம்.

1995-இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு ஈயமற்ற பெட்ரோலும் வினையூக்கி மாற்றியும் வந்தன. 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படலாயிற்று. இம்மாற்றியுள்ள வண்டியில் பின்வாய் வெடிப்பைப் பொருட்படுத்தாதிருத்தல் ஆகாது. எரியாத பெட்ரோல் மாற்றியின் உள்ளே எரிந்தால், அதன் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அதன் விலை ஒரு கேஸ்கெட்டின் விலையன்று.

பெட்ரோலையே நிறுத்திய காலம்

1967-இல் பாஷ் நிறுவனம், மின்னணுவியலால் பெட்ரோலை அளந்து பீச்சும் முறையை வோல்க்ஸ்வாகன் கார்களுக்கு அளித்தது. அவ்வழியில் வளர்ந்த இன்றைய வண்டிகளில் சிறு கணினி ஒன்று அமர்ந்திருக்கிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை விட்டு, சக்கரங்கள் இயந்திரத்தைச் சுழற்றுகின்றன என்று கண்டவுடன், அது பெட்ரோலை முழுதும் நிறுத்திவிடுகிறது. பெட்ரோல் இல்லையேல் வெடிப்பும் இல்லை. டீசல் பேருந்துகள் இறங்கும்போது வெடிக்காமைக்கும் இதுவே காரணம். அங்கும் கால் எடுத்தவுடன் எண்ணெய் நின்றுவிடுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் இம்முறைக்கு மாறிவிட்டன.

இத்தகைய வண்டியும் வெடிக்கிறதெனில், மூட்டுக் கசிவையும் காற்றுவழி உணர்கருவியையும் பார்த்தபின், வாங்கியபின் எது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். பல வேளைகளில் மாற்றப்பட்டது சைலென்ஸர். தில்லிக் கரோல்பாக் சந்தை, சென்னைப் புதுப்பேட்டை, கொல்கத்தா மல்லிக் பஜார், பெங்களூர் ஜே.சி. சாலை ஆகிய எங்கும், ஓசை பெருக்கும் குழாய்கள் விற்கப்படுவதைக் காணலாம். கணினி அறிந்த குழாய் வேறு, பூட்டிய குழாய் வேறு, கலவை பிசகுகிறது. இளைஞர் சிலர் ஓடும் வண்டியின் சாவியை அணைத்து, கலவையைக் குழாயில் நிரப்பி, மறுபடி திறந்து, வேண்டுமென்றே வெடிக்கச் செய்கின்றனர். சைலென்ஸர் கிழியும், தெருவில் குழந்தைகளும் முதியோரும் நடுங்குவர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு இத்தகைய ஓசைக்குத் தண்டனை வகுத்திருக்கிறது.

நோயறியும் வரிசை

இதுவரை கூறியதைத் தொகுத்துப் பார்ப்போம். முதற்கண், ஓசை எங்கே எழுகிறது? முன்வாயில் எனில் உள்வால்வு, மெலிந்த கலவை, பொறியின் காலம் என்று தேடுக. பின்வாயில் எனில், எப்போது எழுகிறது? வேகம் கொடுக்கும்போதும் கேட்டால், தீப்பொறியிலும் வால்விலும் பெருங்குறை இருத்தல் கூடும். உடனே கவனிக்க வேண்டும். விடும்போது மட்டும் எனில் குறை சிறிது. பழைய கார்புரேட்டர் வண்டியில் எப்போதாவது மெல்லப் பொருமுதல் நோயே அன்று.

அடுத்து, செலவில்லாத சோதனைகள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மூட்டுகளைக் கண்ணால் பார்க்க. கிளப்பியவுடன், சூடேறுமுன், கையுறை அணிந்து தடித்த துணியால் சைலென்ஸர் வாயை ஒரு கணம் மூடினால், கசியும் மூட்டு சீறிக் காட்டிக்கொடுக்கும். உள்வழி ரப்பரின் மேல் சிறிது நீர் தெளித்தால், கசிவு இருப்பின் இயந்திரத்தின் ஓட்டம் மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பது தீ விபத்தை அழைப்பதாகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெளுத்த நிறம் மெலிந்த கலவையையும், கரிப்படிவு செறிந்த கலவையையும் கூறும். இவற்றுக்குப் பின்னரே ஜெட்டைத் துலக்குதலும், காற்றுத் திருகைத் திருத்துதலும், வால்வு இடைவெளி அளத்தலும். உறுப்பை மாற்றுவது இறுதிப் படி.

கியரைக் கைவிடாதீர்

இனி, தொடக்கத்தில் கூறிய முதல் இரு வகையினரின் நிலையைக் காண்போம். திருமலைக்கும் திருப்பதிக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். ஒரு டன் எடையுள்ள கார் அவ்வளவு தூரம் தாழ இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 20 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை இயந்திரம் தன் உறிஞ்சும் உழைப்பால் தாங்கிக்கொள்கிறது. நியூட்ரலில் இறங்கினால் அத்தனைச் சூடும் பிரேக்குகளின் தலையில் விழுகிறது. டிரம் பிரேக்கின் பட்டைகள் பிடிப்பை இழக்கும். எண்ணெய் பிரேக்கில் எண்ணெய் கொதித்து, மிதி கால்கீழே அமிழும். இயந்திரத்தையும் நிறுத்திவிட்டாலோ, காரின் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் சில மிதிகளில் தீர்ந்துபோம், ஸ்டியரிங்கும் கனக்கும்.

பெட்ரோல் மிச்சம் என்னும் எண்ணமும் கார்புரேட்டர் காலத்தோடு போயிற்று. இன்றைய வண்டி கியரில் இறங்கும்போது பெட்ரோலே குடிப்பதில்லை; நியூட்ரலில் இறங்கும்போதுதான் இயந்திரத்தை ஓயாமல் ஓடவைக்கச் சிறிது குடிக்கிறது. பாட்டனார் காலத்துச் சிக்கனம் பேரன் வண்டியில் செலவாக மாறிவிட்டது.

மலைப்பாதைகளில் 'தாழ்ந்த கியரில் செல்க' என்று பலகை எழுதி வைப்பதன் பொருள் இதுவே. கியரில் இறங்கும் வண்டி சற்றே வெடித்தால் வெடிக்கட்டும். அவ்வோசைக்குரிய மருந்து சித்தூரிலும் உண்டு, கரோல்பாக்கிலும் உண்டு. ஒரு கேஸ்கெட்டிலோ ஒரு ஜெட்டிலோ அது முடிந்துவிடும். ஓசைக்கு அஞ்சிக் கியரைக் கைவிட்டவர்க்கு அடுத்த வளைவில் உதவ வேறொன்றும் இல்லை.